சத்தம் இருக்கு, படம் வரல

தேனியிலோ போடியிலோ கம்பத்திலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் வாசலிலேயே சொல்லிவிடுவார்: “அண்ணே, லைட் எரியுது, ஃபேன் சுத்துது, படம் மட்டும் வரமாட்டேங்குது.” பெட்டியை அவர் ‘சிபியு’ என்பார். சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சில்லு மட்டும்தான் என்று எந்தக் கடைக்காரரும் திருத்துவதில்லை. நோட்டில் ‘நோ டிஸ்ப்ளே’ என்று எழுதிக்கொண்டு பெட்டியை மேஜைமேல் சாய்ப்பார்.

இந்தப் புகார் கம்ப்யூட்டரைவிட மூத்தது. டிவி மெக்கானிக்குகள் இதை வேறு வார்த்தைகளில் கேட்டுப் பழகியிருந்தார்கள்: சத்தம் இருக்கு, படம் வரல. இரண்டும் இல்லை என்றால் பவர் பக்கம் போக வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால் செட்டுக்கு உயிர் இருக்கிறது, பாதை எங்கேயோ அறுந்திருக்கிறது. பழுது பார்ப்பதில் பாதி வேலை இந்தப் பிரிப்பிலேயே முடிந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்றொரு ஆள் உருவானபோது அவருக்குக் கிடைத்த முதல் சொத்து இந்தப் பழைய வாக்கியம்தான்.

அதற்கு முன்னால் ஒரு வம்சாவளி உண்டு. 1895இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. அது மலையிலிருந்து விழும் இடத்தில், கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில், 1958இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. தலா 35 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள் அமைந்தன. கிணறுகளில் கமலை போய் பம்புசெட் வந்தது. பம்புசெட் வந்தால் மோட்டார் எரியும். மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கடை வரும். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய அந்தக் கடைகளில் சுவரோரம் ஒரு சாதாரணக் குண்டு பல்பு தொங்கும். கட்டிய மோட்டாரை நேரடியாகக் கரண்டில் போடாமல் பல்பு வழியாகப் போடுவார்கள். பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். மீட்டர் வாங்கக் காசில்லாதவனுக்கு அந்தப் பல்புதான் மீட்டர்.

அந்த ‘சீரீஸ் பல்பு’ ரேடியோக் கடைக்குப் போனது. எண்பதுகளில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்து, ஓட்டு வீடுகளின் மேலும் ஆன்டெனா முளைத்தபோது டிவி கடைக்குப் போனது. இன்றைக்கும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, கழற்றிச் சரிசெய்கிற கடையில் அதே பல்பு தொங்கும். காயில் கட்டியவரின் பேரன் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பல்பும் பழைய வாக்கியமும் ஊரில் இருந்தன. கம்ப்யூட்டரும் அதன் நோயும் வெளியிலிருந்து வந்தன. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் வெளியிட்டது. சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெட்டி முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்: பிராசஸர், ராம், திரைக்கான கார்டு, விசைப்பலகை என்று வரிசையாக. எல்லாம் சரியென்றால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ஒரு தடவை ‘பீப்’ என்னும். திரைக் கார்டில் கோளாறு என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. படம் வராதபோது படம் வராத காரணத்தைத் திரையில் எழுதிக் காட்ட முடியாதல்லவா? அதனால்தான் இந்தச் சத்த மொழி. பின்னாளில் அவார்டு, அமி, ஃபீனிக்ஸ் என்று, இந்தச் சோதனையை நடத்தும் பயாஸ் என்ற மென்பொருளை எழுதிய ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு சத்த அகராதி வைத்துக்கொண்டது. மெக்கானிக்குகள் மனப்பாடம் செய்தார்கள்.

வாடிக்கையாளர் சாட்சியாகச் சொல்லும் விசிறி, உண்மையில் நம்பத்தகாத சாட்சி. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். பிராசஸர் செத்திருந்தாலும் அது சுற்றும். பவர் சப்ளை தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்ட பிறகு மதர்போர்டுக்கு ஒரு ‘சரி’ அனுப்ப வேண்டும். அதுவரை பிராசஸர் கட்டிப்போட்டபடி கிடக்கும். அவிழ்த்துவிட்ட பிறகு பயாஸ் சில்லிலிருந்து முதல் கட்டளையைப் படித்து, ராமைத் தேடி எழுப்பி, அதன் பிறகுதான் திரைப் பக்கம் திரும்பும். ராமில் தடுக்கினால் படம் என்ற கட்டத்துக்கே வண்டி வராது. லைட்டுக்கும் படத்துக்கும் நடுவே இத்தனை நிறுத்தங்கள்.

தொண்ணூறுகளில் நூற்பாலைக் கணக்குப் பிரிவு, ஏலக்காய் வியாபாரிகளின் கடை, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறை என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டமானதும் அரசு அலுவலகங்களும் சேர்ந்துகொண்டன. அப்போது மானிட்டர் என்றால் முதுகு பெருத்த பிக்சர் ட்யூப். உள்ளே டிவியில் இருக்கும் அதே உயர் அழுத்த இஎச்டி ட்ரான்ஸ்ஃபார்மர். ஆகவே படம் போன மானிட்டர் நேரே டிவி மெக்கானிக்கிடம் போனது. பெட்டியின் மூடியைத் திறக்கத் தயங்கிய அவர், மானிட்டரைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி கையில் வாங்கினார்.

பெட்டியைத் திறந்தவர்கள் வேறு தலைமுறை. மதுரையில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்துவிட்டு வந்த இளைஞர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிரஷ், சட்டைப் பையில் ஒரு பென்சில் ரப்பர்.

அந்த ரப்பரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலின் கதை நகராது. ராம் என்பது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம், ஒல்லியான நீளப் பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் தங்க முலாம் பூசிய பட்டைகள் வரிசையாக இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த எஸ்டிராமில் 168, டிடிஆரில் 184, டிடிஆர்-2இலும் 3இலும் 240. இவற்றில் ஒரு பட்டை போர்டோடு சரியாக ஒட்டாவிட்டாலும் போச்சு. மெக்கானிக் இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ராமை உருவுவார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடப் பையன் நோட்டில் தப்பை அழிக்கிற அதே ரப்பரால், ஒரே திசையில், பட்டைகளின் மேல் பத்துப் பதினைந்து தடவை தேய்ப்பார். ரப்பர்த் தூளை வாயால் ஊதுவார். ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும் என்று கோர்ஸில் சொல்லியிருப்பார்கள், எல்லோரும் ஊதுவார்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டி, ராமை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த, கொக்கி ‘டக்’கென்று விழும். சுவிட்ச். ஒரு பீப். படம். எதிரே உட்கார்ந்திருப்பவர் பர்ஸை எடுத்தபடியே, “இவ்வளவுதானா?” என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில கடைகளில் “வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க” என்பார்கள்.

தங்கம் துருப்பிடிக்காதே, அப்புறம் எதைத் தேய்ப்பது? முலாம் மிக மெல்லியது; நுண்துளைகள் வழியே கீழிருக்கும் நிக்கலும் செம்பும் காற்று பட்டு அரித்து மேலே படியும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு மெல்லிய படலமாகும். ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கும் காற்றையும் சாரலையும் கூடலூர், கம்பம் ஆட்களிடம் கேட்டால் தெரியும்: துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். நூற்பாலை அறைகளில் பஞ்சு வேறு. பிராசஸர் மேல் உள்ள அலுமினியச் சிறகுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி அடைந்து கிடக்கும். இன்னும் பழைய 486, பென்டியம் காலத்து 72 பின் ராம்களில் மற்றொரு வம்பு: ஸ்லாட்டில் வெள்ளீயப் பூச்சு, ராமில் தங்கப் பூச்சு என்று கலந்து போட்டால், இரண்டு உலோகமும் உரசும் இடத்தில் ஆக்சைடு வளரும். ஒரே உலோகமாகப் போடுங்கள் என்பது அக்காலத்துக் கம்பெனி அறிவுரை. கிடைத்ததைப் போட்ட ஊர்களில் அதற்கு வாய்ப்பில்லை.

உண்மையைச் சொன்னால், பல நேரம் ரப்பருக்குக் கிடைக்கும் பெயர் அதற்குச் சேர வேண்டியதல்ல. கழற்றி மாட்டும்போதே பட்டையும் ஸ்லாட்டும் உரசிக்கொண்டு படலம் விலகிவிடும். ரப்பர் அதிகம் பட்டால் முலாமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியே நல்லது என்று தெரிந்த மெக்கானிக்கும் ரப்பரைத்தான் எடுக்கிறார், ஏனென்றால் அது பெட்டிக்கடையில் கிடைக்கிறது.

கிடைப்பது, கிடைக்காதது: இந்தத் தொழிலைத் தேனியில் வடிவமைத்தது அதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருப்பவர் சந்தேகம் வந்தால் எதிர்க்கடையில் புது போர்டு வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். தேனியிலிருந்து மதுரையே 75 கிலோமீட்டருக்கு மேல். கம்பத்திலிருந்து இன்னும் 40. 1928இல் தொடங்கிய மதுரை–போடி ரயில் பாதை, அகலப் பாதையாக்க 2010 கடைசியில் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூனிலும்தான் மறுபடி திறந்தது. பாகங்கள் வர ரயிலை நம்ப முடியாது. எல்லாம் பஸ்தான். மதுரைக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னால், செய்தித்தாளில் சுற்றிய ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் கண்டக்டர் கையில் ஏறும். போனில் பஸ்ஸின் பெயரும் புறப்பட்ட நேரமும் வரும். இங்கே பஸ் நிலையத்தில் ஒரு பையன் காத்திருப்பான். தப்பான பாகத்தைச் சொல்லி அனுப்பிவிட்டால் ஒரு நாள் வீண். ஆகவே கண்டுபிடிப்பு சுத்தமாக இருந்தாக வேண்டும்.

அதனால் வழக்கம் இப்படி ஆனது. எல்லாவற்றையும் கழற்று: ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், கார்டுகள், முன்பக்க யுஎஸ்பி வயர்கூட. போர்டு, பிராசஸர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். படம் வந்தால் ஒவ்வொன்றாகச் சேர். வராவிட்டால் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தன் சொந்த கம்ப்யூட்டரைத் திறந்து அதன் ராமைக் கடன் வாங்கு. பல கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பக்க மூடியே கிடையாது. அடிக்கடி திறப்பதால் மாட்டுவதை விட்டுவிட்டார்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் சந்தேகம் என்றால் அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் தனியாகவே ஓடும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை தந்த வசதி அது. இன்னும் சுருக்குவழி விசைப்பலகையில் இருக்கிறது. நம் லாக் விசையைத் தட்டு. அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் ஓடுகிறது. குற்றம் மானிட்டர், கேபிள், திரைக் கார்டு இந்த மூன்றுக்குள். அதாவது, சத்தம் இருக்கு, படம் வரல.

2000க்குப் பிறகு டிபக் கார்டு வந்தது. ஸ்லாட்டில் செருகினால் சிவப்பு எழுத்தில் இரண்டு இலக்கம் ஓடும். எந்த இலக்கத்தில் நின்றதோ அங்கே தடங்கல். அவார்டு பயாஸில் ‘சி1’ என்று நின்றால் ராம். 00 அல்லது எஃப்எஃப் என்று அசையாமல் இருந்தால் பிராசஸரே எழவில்லை, போர்டைப் பார். சில நூறு ரூபாய்ச் சாமான், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் அதைச் செருகும்போது டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மரியாதை கிடைக்கும்.

ஸ்க்ரூடிரைவர் தலைமுறை ஜெயித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில்தான் டிவி மெக்கானிக் திரும்பி வந்தார். 1999 தொடங்கி ஏறக்குறைய 2007 வரை உலகமெங்கும் விற்ற போர்டுகளில் தரங்கெட்ட மின்கரைசல் நிரப்பிய கப்பாசிட்டர்கள் புகுந்திருந்தன. பெரிய பெயருள்ள கம்பெனிகளின் போர்டுகளும் தப்பவில்லை. ஓரிரு வருடத்தில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் அந்தச் சின்ன உருளைகளின் தட்டையான தலை உப்பும். சிலவற்றின் தலையில் பழுப்பாகக் கசியும். முதலில் காலையில் இரண்டு மூன்று தடவை ஆன் செய்தால்தான் படம் வரும். பிறகு ஐந்தாறு தடவை. ஒருநாள் வராது. ‘போர்டு போச்சு, புதுசு போடணும்’ என்று ஹார்டுவேர் கோர்ஸ் சொன்னது. சால்டரிங் அயர்னை இருபது வருடம் பிடித்த டிவி மெக்கானிக் போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்பிய ஏழெட்டையும் பிடுங்கி, 6.3 வோல்ட் இருந்த இடத்தில் 10 வோல்ட் கப்பாசிட்டர் வைத்து ஈயம் வைத்தார். செலவு நூறு ரூபாய்க்குள். பவர் சப்ளை கப்பாசிட்டர் வறண்டால் படம் போகும் என்பது அவருக்கு பிளாக் அண்ட் ஒயிட் காலத்துப் பாடம்.

அதன் பிறகு சர்வீஸ் கடைப் பலகைகளில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்ற வார்த்தை சேர்ந்தது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெருமிதமான வார்த்தை இல்லை. கழற்றி மாட்டுகிறவன் நான் இல்லை என்று பொருள்.

மின்வெட்டுக் காலம் வேறு வகைக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2008க்குப் பிறகு தமிழகத்தில் மின்வெட்டு கூடிக்கொண்டே போய், 2012இல் சென்னைக்கு வெளியே பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை என்ற நிலை. கரண்ட் போவதால் கெடுவதைவிட, ஊர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப, தாழ்ந்தும் எகிறியும் திரும்பி வரும் கரண்டால் கெட்டவை அதிகம். மெயின் கரண்ட் இல்லாதபோது போர்டின் கடிகாரம் சிஆர்2032 என்ற ரூபாய்நாணய பேட்டரியில் ஓடும். அதுவும் சீக்கிரம் தீர்ந்தது. சில போர்டுகள் அந்தப் பேட்டரி செத்தால் படமே காட்டாமல் அடம்பிடிக்கும். ஐப்பசி இடியில் போன போர்டுகள் தனி. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருப்பதற்குக் காரணம், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள், அவை 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியை இரும்புப் பெட்டியில் கொண்டுவந்து விடும். கடித்துக் குதறாது, ஆனால் ராமுக்கு அது நல்லதல்ல.

படம் வராததன் விலை ஊருக்குள் கூடிக்கொண்டே வந்தது. போடியில் ஏலக்காய் ஏலம் தலைமுறைகளாக வாய் வழியாக, விலை கூவி நடந்தது. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. வியாபாரி தன் முன்னால் உள்ள மாதிரியை விரலால் உருட்டிப் பார்த்து, பல்லால் கடித்து மோந்துவிட்டு, விலையை மட்டும் திரையைப் பார்த்துத் தட்டுகிறார். மூக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு கேபிள். அங்கே ஒரு திரை இருண்டால் அவ்வளவு நேரமும் அந்த வியாபாரி ஊமை. பிளஸ் டூ ரிசல்ட் காலையில் பிரவுசிங் சென்டருக்கும் இதே கதிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாதம் 20ஆம் தேதியை ஒட்டிக் கடைக்கு வருகிற ‘நோ டிஸ்ப்ளே’வுக்கு அவசரக் குரல் சேர்ந்துவிடுகிறது: “தம்பி, உள்ள இருக்கிற கணக்கு போயிருமா?” போகாது. கணக்கு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் வந்துவிடும். இதை முதலில் சொல்லிவிடுகிற மெக்கானிக்குக்குப் பாதி வேலை குறைகிறது.

இப்போது வருகிற பெட்டிகளில் நோய் மாறிவிட்டது. 2019இல் இருந்து இன்டெல் ‘எஃப்’ என்று முடியும் பிராசஸர்களை விற்கிறது. அவற்றில் திரைக்கான பகுதி வேலை செய்யாது. மலிவு என்று வாங்கி, கிராபிக்ஸ் கார்டு போடாமல் போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகினால் விசிறி சுற்றும், கலர் கலராக லைட் எரியும், படம் மட்டும் ஆயுளுக்கும் வராது. கார்டு இருந்தும் கேபிளைப் போர்டில் செருகிவிட்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டிடிஆர்-5 ராம் போட்ட போர்டுகளோ முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளவே பல நிமிடம் இருட்டாக நிற்கும். பொறுமையில்லாமல் அணைத்துப் போட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இருட்டைக் கண்டதும் ரப்பரைத் தேடிப் பழகிய கைக்கு இது கஷ்டமான பாடம்.

புதுப் பெட்டிகளில் ஸ்பீக்கரும் இல்லை. பீப் சத்தத்துக்குப் பதில் போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள்: பிராசஸர், ராம், திரை, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. காதுக்கு இருந்த வேலை கண்ணுக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய போர்டுகள் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்தும் மளிகைக் கடையிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்காகக் கடை டிராயரில், ஸ்க்ரூக்களுக்கும் செத்த பேட்டரிகளுக்கும் நடுவே, இரண்டு அங்குல வயரில் மிளகளவு ஸ்பீக்கர் ஒன்று கிடக்கும். மெக்கானிக் அதை எடுத்து போர்டின் நான்கு பின்களில் செருகுகிறார். மேஜை விசிறியை நிறுத்தச் சொல்கிறார். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குனிகிறார். ஒரு நீளம், இரண்டு குட்டை. நிமிராமலே, ராமைத் தொடாமல், கிராபிக்ஸ் கார்டின் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிக்கிறார்.